மலை பார்க்கப் போன மலைநாட்டுக் குடும்பம்

(குடும்ப தினக் கூட்டத்தில், தேயிலைத் தொழிற்சாலையில் 34 வருடம் வேலை செய்து ஓய்வுபெற்ற அன்பர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்.)



சுவிஸ் நாட்டுக்குப் போய் வந்ததைப் பற்றி நாலு வார்த்தை பேசும்படி கேட்டார்கள். மகள் வீட்டில் மூன்று மாதம் இருந்தோம். எல்லாவற்றையும் சொல்ல ஆரம்பித்தால் இன்றைக்கு யாரும் பகல் சாப்பாட்டுக்குப் போக முடியாது. ஆகவே ஒரே ஒரு நாளைப் பற்றி மட்டும் சொல்கிறேன். அல்ப்ஸ் மலையில் யுங்ஃபிராவ் என்ற சிகரத்துப் பக்கம் கோச்சியில் போய் வந்த நாள்.

மருமகன் ஒரு ஹோட்டல் குசினியில் வேலை செய்கிறார். சனி ஞாயிறு என்றால் அவருக்குத்தான் வேலை அதிகம். ஊருக்கெல்லாம் லீவு, சமைக்கிறவனுக்கு லீவு இல்லை. பிள்ளைகளுக்குப் பாடசாலை விடுமுறை விட்ட யூலை மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை கிடைத்தது. வீட்டில் ஆறு பேரும் ஒன்றாக இருந்த முதல் முழு நாள் அதுதான்: நான், என் மனைவி, மகள், மருமகன், பேரன், பேத்தி.

“காசு எவ்வளவு?” என்று இங்கே எல்லோரும் கேட்கிறீர்கள். மறைக்கவில்லை. உச்சிவரை போய் வர முழுக் கட்டணம் ஒருவருக்கு 200 பிராங்குக்கு மேல். ஆனால் அங்கே அரைக் கட்டண அட்டை என்று ஒன்று உண்டு; அதை வைத்திருந்தால் பாதிக் காசுதான். பெற்றோரோடு போகிற பிள்ளைகளுக்கு வருடத்துக்கு 30 பிராங் அட்டை ஒன்று எடுத்தால், 16 வயது ஆகும்வரை அரசாங்கப் புகையிரதத்தில் வேறு காசு கேட்கமாட்டார்கள். ஏன் இப்படிச் செய்கிறார்கள் என்று யோசித்தேன். பிள்ளைகளுக்குக் கட்டணம் போட்டால் தகப்பனும் தாயும் வீட்டிலேயே இருந்துவிடுவார்கள். அதனால்தான் என்று நினைக்கிறேன். அப்படியும் மகள் இரண்டு மாதம் சேமித்த காசு அது. சாப்பாட்டுக்குச் செலவில்லை: ரொட்டி, கட்டா சம்பல், அவித்த முட்டை, போத்தலில் தேத்தண்ணி. வெள்ளைக்காரர்களும் பையிலிருந்து பாணை எடுத்துத்தான் சாப்பிட்டார்கள். நமக்குத்தான் வீண் வெட்கம்.

இன்டர்லாக்கன் என்ற பட்டணத்தில் ஏறினோம். லவுட்டர்புருன்னன் என்ற பள்ளத்தாக்கில் இறங்கி வேறு கோச்சிக்கு மாறினோம். அந்த ஊரில் செங்குத்தான பாறையிலிருந்து கிட்டத்தட்ட 300 மீற்றர் உயரத்துக்கு ஒரு நீர்வீழ்ச்சி விழுகிறது. பாதி வழியிலேயே அது புகையாகப் போய்விடுகிறது. சென் கிளயரையும் டெவனையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஆனாலும் வாயைப் பிளந்துகொண்டுதான் பார்த்தேன்.

இந்த மலைக் கோச்சி எப்படி ஏறுகிறது என்பதைப் பேரன் விளங்கப்படுத்தினான். இரண்டு தண்டவாளத்துக்கும் நடுவே, பல்லுப் பல்லாக வெட்டிய இரும்புப் பட்டை ஒன்று போட்டிருக்கிறார்கள். வண்டிக்கு அடியில் பல்சக்கரம். அது பட்டையைக் கடித்துக் கடித்து ஏறும், இறங்கும்போதும் விடாது. பெக்டரியில் ரோலருக்குப் பக்கத்தில் நின்றவனுக்கு இது உடனே விளங்கிவிட்டது. நம்ம மலைநாட்டுப் பாதையில் பல் இல்லை. அதனால் 44 அடி ஓடினால்தான் ஓர் அடி ஏற முடியும். மலையைச் சுற்றிச் சுற்றிப் போகிறது. தெமோதரையில் பாதை வளைந்து வந்து தன் நிலையத்துக்கு அடியிலேயே சுரங்கத்தில் நுழைகிறதே, அதுவும் அதனால்தான். யுங்ஃபிராவில் நாலு அடிக்கு ஓர் அடி ஏறுகிற இடமும் இருக்கிறது.

கிளைனே ஷைடெக் என்ற நிலையத்தில் எல்லோரும் இறங்க வேண்டும். உயரம் 6,700 அடிக்கு மேல். நம்ம பட்டிப்பொலையைவிடக் கொஞ்சம் அதிகம். கண்ணுக்கு நேரே ஐகர், மோன்ச், யுங்ஃபிராவ் என்று மூன்று பனிமலைகள். மோன்ச் என்றால் துறவி, யுங்ஃபிராவ் என்றால் கன்னிப்பெண் என்று அர்த்தமாம். அங்கேதான் எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது.

என் மனைவிக்குப் பிரஷர், கொஞ்சம் நெஞ்சு வருத்தமும் உண்டு. அங்கே காட்டிய டாக்டர், உச்சிக்குப் போகவேண்டாம் என்று தெளிவாகச் சொல்லியிருந்தார். உச்சி நிலையம் 3,454 மீற்றர், அதாவது 11,300 அடிக்கு மேல். நம்ம பீதுருதாலகாலை 8,281 அடிதான். ஆனால் மருமகனுக்கு மனம் கேட்கவில்லை. “எத்தனையோ வயசானவங்க போறாங்க மாமா. இவ்வளவு தூரம் வந்து அத்தைய விட்டுட்டுப் போறதா?” என்றார். பாசத்தில் சொன்னதுதான். மகள் ஒன்றும் பேசவில்லை, கண் மட்டும் கலங்கிவிட்டது. தாயைக் கூட்டிப்போவதற்காகத்தானே அவ்வளவு காசும் சேர்த்தாள்!

மனைவிதான் பிரச்சினையை முடித்து வைத்தாள். “முப்பது வருஷம் மழையிலயும் பனியிலயும் கூடையோட மலையில நின்னவ நான். மலை பாக்க நான் மேல ஏறணுமா? நீங்க போயிட்டு வாங்க. உங்க கோச்சி போறத நான் இங்கருந்து பாக்குறேன்” என்றாள். உடனே பேத்தி, “அம்மாச்சி இல்லாட்டி நானும் வரல்ல” என்று அவள் மடியில் உட்கார்ந்துவிட்டாள். அப்படியாக நாங்கள் நாலு பேர் மேலே போனோம்.

இந்த இடத்தில் தாய்மார்களுக்கு ஒன்று சொல்லவேண்டும். உயரம் போகப் போகக் காற்று மெலிந்துபோகும். அந்த உச்சியில் நமக்குக் கிடைப்பது கடற்கரையில் கிடைக்கிற காற்றில் மூன்றில் இரண்டு பங்குதான். எனக்கே பத்துப் படி ஏறியதும் மூச்சு வாங்கியது. ஒரு வெளிநாட்டுப் பெரியவர் சுவரைப் பிடித்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டார். ஊழியர்கள் ஓடிவந்து பார்த்தார்கள். மெதுவாக நடக்கவேண்டும், தண்ணீர் குடிக்கவேண்டும், தலைவலியோ மயக்கமோ வந்தால் உடனே கீழே இறங்கவேண்டும். டாக்டர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

மேலே போகிற பாதை கிட்டத்தட்ட 9 கிலோமீற்றர். அதில் 7 கிலோமீற்றருக்கு மேல் மலைக்கு உள்ளேயே சுரங்கம். இதை நினைத்தவர் சூரிச் பக்கத்துப் பஞ்சாலை முதலாளி, பெயர் அடொல்ப் குயர்-செல்லர். 1893ஆம் ஆண்டு ஆகஸ்ட் மாதம் மகளோடு மலையில் நடக்கப் போனவர், அன்று இரவே பாதையைக் கடதாசியில் வரைந்துவிட்டாராம். 1896இல் வேலை தொடங்கியது. 1899இல் அவர் இறந்துபோனார். பாதை முடிந்து திறந்தது 1912 ஆகஸ்ட் முதலாம் திகதி. பதினாறு வருடம். யுங்ஃபிராவின் உச்சிக்கே போகவேண்டும் என்பதுதான் அவருடைய திட்டம். காசு போதாமல், இரண்டு மலைக்கும் நடுவிலுள்ள பள்ளத்தோடு நிறுத்திவிட்டார்கள்.

முதலாளியின் பெயர் புத்தகத்தில் இருக்கிறது. பாறையைக் குடைந்தது யார்? பெரும்பாலும் இத்தாலியிலிருந்து பிழைக்க வந்த ஏழைகள். பனிக்காலத்திலும் மலையிலேயே தங்கி வேலை செய்தார்கள். வெடி வைக்கும்போது 1899இல் ஒரே நாளில் ஆறு பேர் செத்தார்கள். வேலை முடிவதற்குள் மொத்தம் முப்பது உயிர் போயிற்று. இப்போது உச்சியிலே நூறாவது ஆண்டுக்காக, 2012இல், ஒரு நடைபாதை அமைத்திருக்கிறார்கள். அதில் இறந்த தொழிலாளர்களின் நினைவாகத் தகடுகள் பதித்திருக்கிறார்கள். மருமகன் அந்த இடத்தில் தொப்பியைக் கழற்றிவிட்டு நின்றார். எனக்கு நம்ம பாதைதான் ஞாபகம் வந்தது. நானுஓயாவுக்கு 1885இல், பதுளைக்கு 1924இல் கோச்சி வந்தது. கோப்பியையும் தேயிலையையும் கொழும்புக்கு இறக்கப் போட்ட பாதை அது. அதை வெட்டியவர்களில் நம்ம பாட்டன் பூட்டன்மார் எத்தனை பேர்! அங்கே முப்பது பேர் என்று எண்ணியாவது வைத்திருக்கிறார்கள்.

வழியில் ஐஸ்மேர் என்ற நிலையத்தில் ஐந்து நிமிடம் நிற்கும். பாறையில் வெட்டிய ஜன்னலால் பார்த்தால் கீழே பனிக்கட்டி, வெடித்து வெடித்து நிற்கிறது. உச்சியிலிருந்து பார்த்தால் அலெச் என்ற பனியாறு. அல்ப்ஸில் இதைவிட நீளமானது இல்லை, 20 கிலோமீற்றருக்கு மேல் போகிறது. பூமி சூடேறுவதால் அதுவும் வருடா வருடம் சுருங்குகிறது. பேரன் அதைச் சொல்லும்போது அவன் முகத்தில் சிரிப்பில்லை.

மேலே ஒரு தேத்தண்ணி வாங்கிக் குடித்தேன். பழக்க தோஷம், நிறத்தைப் பார்த்தேன், வாசத்தைப் பார்த்தேன். சரியாக ஊறவில்லை. கடைக்காரரைக் குறை சொல்லமாட்டேன். அந்த உயரத்தில் தண்ணீர் 89 பாகை செல்சியஸ் வருவதற்குள்ளேயே கொதித்துவிடும். நுவரெலியாவில் 94 பாகை அளவில் கொதிக்கும். நம்ம தூளுக்கு அந்தச் சூடு காணாது. இதை மருமகனுக்குச் சொன்னேன். குசினிக்காரர் அல்லவா, “அதுதானா மாமா, மேல உருளைக்கிழங்கும் வேகாதுன்னு சொல்றாங்க” என்று சிரித்தார். ஆறு வருடமாக ரெலிபோனில் “சுகமா மாமா, சுகமா” என்று மட்டும் பேசிய மனுஷன். அன்றைக்குத்தான் அவரும் நானும் தொழில் பற்றி ஒரு மணிநேரம் பேசினோம்.

இறங்கி வந்து பார்த்தால், என் மனைவி ஒரு வாங்கில் உட்கார்ந்திருக்கிறாள். பக்கத்தில் மாடு வளர்க்கிற வெள்ளைக்காரப் பாட்டி ஒருவர். இவளுக்கு அந்தப் பாஷை தெரியாது, அவருக்குத் தமிழ் தெரியாது. பேத்தி நடுவில் நின்று கொஞ்சம் மொழிபெயர்த்தாளாம், பிறகு அவள் விளையாடப் போய்விட்டாளாம். அதற்குப் பிறகும் இருவரும் பேசிக்கொண்டிருந்திருக்கிறார்கள். இவள் கொழுந்து பறித்துக் காய்த்த விரலைக் காட்ட, அவர் பால் கறந்து காய்த்த விரலைக் காட்டினாராம். ரொட்டியில் பாதி அவருக்குப் போய்விட்டது. கட்டா சம்பலும் கொடுத்தாளாம்; அந்தப் பாட்டி என்ன பாடுபட்டாரோ தெரியாது.

மறுபக்கமாகக் கிரிண்டல்வால்ட் என்ற ஊருக்கு இறங்கும் கோச்சியில் திரும்பினோம். மருமகன் ஏறியவுடன் தூங்கிவிட்டார், பேத்தி அவர் தோளில். மறுநாள் காலை ஒன்பது மணிக்கு அவர் குசினியில் நிற்கவேண்டும்.