ரிமோட் படகுக்கு மோட்டாரும் விசிறியும்

(கோடை விடுமுறையையொட்டி நடந்த நம் சங்கக் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம்)



நம் குடியிருப்புப் பிள்ளைகள் சிலர் இந்த விடுமுறையில் ரிமோட் படகு செய்கிறார்கள். நல்ல விஷயம். மோட்டார் வாங்கும்போது எல்லோரும் கேட்பது, "எதில் பவர் அதிகம்?" என்று. நீங்கள் வேறு கேள்வி கேளுங்கள்: "எதைப் போட்டால் படகு கரைக்குத் திரும்பி வரும்?"

காரணம் உங்களுக்கே தெரியும். 2022 ஜூன் 5-ஆம் தேதி நெல்லிக்குப்பம் பக்கம் ஏ.குச்சிப்பாளையத்தில், கெடிலத்தில் குளிக்க இறங்கிய 7 பேர் மூழ்கி இறந்தார்கள். அதே கெடிலம்தான் நம் ஊர் வழியாகவும் போகிறது. நடுத் தண்ணீரில் படகு நின்றால், அதை எடுக்க ஒரு பிள்ளை இறங்கிவிடும். அதுதான் என் பயம்.

முதலில் வேகத்தைப் பார்ப்போம். 60 செ.மீ. நீளமுள்ள சாதாரணப் படகுக்கு விநாடிக்கு 1 மீட்டர்தான் இயல்பான வேகம். நாம் நடப்பதைவிடக் குறைவு. படகின் நீளத்துக்கும் வேகத்துக்கும் உள்ள இந்த உறவை, 1870-களில் இங்கிலாந்தில் வில்லியம் ஃப்ரூட் என்பவர் தொட்டியில் சிறு மாதிரிப் படகுகளை இழுத்துப் பார்த்தே ஆராய்ந்தார். அதற்குமேல் பவர் கொடுத்தால் அலைதான் பெரிதாகும், பேட்டரிதான் தீரும். தண்ணீர்மேல் வழுக்கி ஓடும் ரேஸ் படகு வேறு வகை. பழகுகிறவர்களுக்கு அது வேண்டாம்.

அடுத்தது விசிறி, அதாவது ப்ரொப்பெல்லர். மரத்தில் ஸ்க்ரூ ஏறுவது போல, 40 மி.மீ. பிட்ச் உள்ள விசிறி ஒரு சுற்றுக்கு 40 மி.மீ. முன்னே போக வேண்டும். 1 மீட்டருக்கு 25 சுற்று, நிமிடத்துக்கு 1,500. தண்ணீரில் கொஞ்சம் வழுக்கும் என்பதால் 2,500 என்று வைத்துக்கொள்ளுங்கள்.

பிரஷ்லெஸ் மோட்டாரில் 'கேவி' என்று ஓர் எண் போட்டிருக்கும். சுமை இல்லாதபோது ஒரு வோல்ட்டுக்கு எத்தனை சுற்று என்பதே அது. 500 கேவி மோட்டாருக்கு 7.4 வோல்ட் கொடுத்தால் 3,700 சுற்று. தண்ணீரில் அது குறையும், நமக்குப் போதும். 3,000 கேவி வாங்கினால் 22,200 சுற்று! இந்தப் படகுக்கு அது எதற்கு?

விசிறியின் விட்டத்தில்தான் பலரும் ஏமாறுகிறார்கள். 35 மி.மீ.க்குப் பதில் 40 மி.மீ. போட்டால் 5 மி.மீ.தானே வித்தியாசம் என்று தோன்றும். ஆனால் அதே வேகத்தில் சுற்ற கிட்டத்தட்ட இரண்டு மடங்கு பவர் வேண்டும். மோட்டார் திணறும், கரண்ட்டை அதிகமாக இழுக்கும், சூடேறி நின்றுவிடும். அதனால் சின்ன விசிறியில் ஆரம்பியுங்கள்.

பேட்டரி கணக்கு எங்கள் பேங்க் கணக்குதான். 2,200 எம்ஏஹெச் என்பது இருப்பு. மோட்டார் 5 ஆம்பியர் எடுத்தால் 26 நிமிடத்தில் காலி. மினிமம் பேலன்ஸாக 20 சதவீதத்தை விட்டுவைத்து, 20 நிமிடத்தில் கரைக்குக் கொண்டுவந்துவிட வேண்டும். லித்தியம் பேட்டரி தீப்பிடிக்கக்கூடியது. இரவில் சார்ஜில் போட்டுவிட்டுத் தூங்காதீர்கள். ஒரு வீட்டில் பிடித்தால் பிளாக் முழுவதற்கும் ஆபத்து.

ஆற்றுக்குப் போகுமுன் பெரிய தொட்டியில் படகைப் பிடித்துக்கொண்டு ஒரு நிமிடம் ஓட்டுங்கள். பேட்டரி வயரைக் கழற்றிய பிறகு மோட்டாரைத் தொடுங்கள். விரல் வைக்க முடியாத சூடு என்றால் விசிறி பெரிது. பாசி சிக்கினாலும் மோட்டார் கருகாமலிருக்க ஒரு ஃப்யூஸ் போடுங்கள்.

எல்லாம் சரியாக இருந்தாலும் படகு ஒருநாள் நிற்கும். அதனால் படகின் பின்பக்கம், விசிறியில் சிக்காதபடி, மீன்பிடி நரம்பு கட்டி ஒரு முனையைக் கரையில் வையுங்கள். பெரியவர் ஒருவர் கூடவே நிற்கட்டும். நரம்பு அறுந்தால் படகு போகட்டும். "போனால் வேறு வாங்கலாம், நீ இறங்காதே" என்று பிள்ளையிடம் வீட்டிலேயே சொல்லி அனுப்புங்கள்.