டிரான்சிஷன்: நிக்கிற நேரத்துல என்ன செஞ்சே?

(எபிசோடின் எடிட் செய்யப்பட்ட எழுத்து வடிவம்)

என்னோட முதல் ட்ரையத்லான் 40 செகண்ட்ல போச்சு. சைக்கிளை முடிக்கிறதுக்கு ஒரு கட்-ஆஃப் நேரம் வச்சிருப்பாங்க. அதைத் தாண்டி 40 செகண்ட் கழிச்சு வந்து சேர்ந்தேன். "சாரி ப்ரோ, ஓட முடியாது" என்று சொல்லி சிப்பைக் கழட்டி வாங்கிட்டாங்க. எட்டு மாசம் காலையில 4:30-க்கு எந்திரிச்சு பயிற்சி எடுத்தது அவ்வளவுதான்.

அன்னைக்கு ராத்திரி ரூம்ல உட்கார்ந்து வாட்ச் டேட்டாவைத் திறந்தேன். நம்ம பொழப்பே லாக் பார்க்கிறதுதானே. நீச்சல் ஓகே. சைக்கிள் நினைச்சதைவிட நல்லாவே போயிருக்கு. நடுவுல ஒரு வரி மட்டும் இடிச்சுது: டி1 - 7 நிமிஷம் 10 செகண்ட்.

புதுசா கேட்கிறவங்களுக்குச் சொல்லிடுறேன். ட்ரையத்லான்ல நீச்சல், சைக்கிள், ஓட்டம் மூணும் வரிசையா வரும். ஒலிம்பிக்ல இது 2000 சிட்னியிலதான் அறிமுகமாச்சு. அந்த தூரம் 1.5 கிலோமீட்டர் நீச்சல், 40 கிலோமீட்டர் சைக்கிள், 10 கிலோமீட்டர் ஓட்டம். நான் போனதும் அதே தூரம்தான். நீச்சல்ல இருந்து சைக்கிளுக்கு மாறுறது டி1, சைக்கிள்ல இருந்து ஓட்டத்துக்கு மாறுறது டி2. இந்த ரெண்டு இடத்துலயும் கடிகாரம் நிக்காது. நீங்க ஷூ லேஸ் கட்டுற நேரமும் உங்க கணக்குலதான் ஏறும்.

கொஞ்சம் கணக்கு பார்ப்போம். 40 கிலோமீட்டரை மணிக்கு 25-ல ஓட்டினா 96 நிமிஷம். அதுல 4 நிமிஷம் குறைக்கணும்னா சராசரி வேகம் 26-க்கு மேல போகணும். என்னை மாதிரி ஆளுக்கு அது சில மாச உழைப்பு. அதே 4 நிமிஷத்தை நான் டி1-ல சும்மா நின்னே தொலைச்சிருக்கேன்.

அப்பா கேட்ட கேள்வி

அப்பா சிவகாசியில ஆஃப்செட் பிரஸ்ல முப்பது வருஷமா மெஷின்மேன். தோத்த கதையைச் சொன்னதும், "நிக்கிற நேரத்துல என்னென்ன செஞ்சே, வரிசையா சொல்லு" என்றார்.

சொன்னேன். சைக்கிள் எந்த வரிசையில இருக்குன்னு தேடினேன். உட்கார்ந்து கால் துடைச்சேன். ஈரக்கால்ல சாக்ஸை இழுத்து மாட்டினேன். நாலு ஊக்கு குத்தி நம்பரை டீ-ஷர்ட்ல வச்சேன். கையில கிளவுஸ் போட்டேன். வாழைப்பழம் சாப்பிட்டேன்.

அவர் சிரிச்சுட்டார். "இதுல பாதி வேலை மெஷின் ஓடும்போதே முடிச்சிருக்க வேண்டியது, தம்பி."

காலண்டர் சீசன்ல அவங்க பிரஸ்ல ஒரு ஜாப் ஓடிக்கிட்டிருக்கும்போதே அடுத்த ஜாப்போட பிளேட், பேப்பர், இங்க் எல்லாம் மெஷின் பக்கத்துல வந்து உட்கார்ந்திடும். மெஷினை நிறுத்தினா, நிறுத்தினாத்தான் செய்ய முடியும்ங்கிற வேலை மட்டும்தான்: பழைய பிளேட்டைக் கழட்டு, பிளாங்கெட்டைக் கழுவு, புது பிளேட்டை மாட்டு, ரெஜிஸ்டர் பாரு. மெஷின் நின்ன பிறகு ஸ்பேனர் தேடிப் போறவனை ஃபோர்மேன் விட மாட்டார்.

ஜப்பான்ல ஷிகியோ ஷிங்கோ என்ற இன்ஜினியர் இதையே ஒரு முறையா வகுத்தார். 1969-ல டொயோட்டாவுல 1000 டன் பிரஸ் ஒன்றுக்கு அச்சு மாத்த 4 மணி நேரம் ஆச்சு. அதை முதல்ல ஒன்றரை மணி நேரமாக்கி, கடைசியில 3 நிமிஷத்துக்குக் கொண்டுவந்தாங்க. அடிப்படை ஒண்ணுதான். ஓடும்போது செய்யக்கூடியதையும், நின்னாத்தான் செய்யக்கூடியதையும் முதல்ல பிரி. நின்னு செய்றதுல எதையெல்லாம் வெளியே தள்ளலாம்னு பாரு. மிச்சத்தைச் சுருக்கு.

மூணு கூடை

அன்னைக்கே ஒரு பேப்பர் எடுத்து மூணு கூடையா பிரிச்சேன்.

முதல் கூடை, ரேஸுக்கு முன்னாடி. தண்ணியில இருந்து ஏறுற இடத்துல தொடங்கி உங்க சைக்கிள் வரைக்கும், அங்கிருந்து வெளியேறுற வழி வரைக்கும் ஒரு தடவை நடந்து பாருங்க. எத்தனையாவது வரிசைன்னு எண்ணி வைங்க. ஹெல்மெட்டை ஹேண்டில்பார் மேல கவுத்துப் போட்டு, வாரைத் திறந்து விரிச்சு வைங்க. ஊக்குக்குப் பதிலா எலாஸ்டிக் நம்பர் பெல்ட். சாதா லேஸுக்குப் பதிலா எலாஸ்டிக் லேஸ். ஷூவுக்குள்ள கொஞ்சம் பவுடர் தூவினா ஈரக்கால் வழுக்கிக்கிட்டு உள்ளே போயிடும். மூணுக்கும் சேர்த்து ஒரே ட்ரை-சூட் போட்டா உடை மாத்துற வேலையே இல்லை. சைக்கிளை லேசான கியர்ல விட்டுட்டு வாங்க.

ரெண்டாவது கூடை, ஓடும்போதே. கண்ணாடி, தொப்பி ரெண்டையும் கரையேறி ஓடிக்கிட்டே கழட்டணும். சாப்பாடு, தண்ணி எல்லாம் சைக்கிள் மேல. சைக்கிளோட கடைசி ஒரு கிலோமீட்டர்ல கியரை இறக்கி, காலை வேகமா சுத்த விட்டா, ஓட ஆரம்பிக்கும்போது தொடை கல்லு மாதிரி இருக்காது.

மூணாவது கூடை, நின்னாத்தான் முடியும். டி1-ல ஹெல்மெட் மாட்டு, கிளிப் போடு, சைக்கிளை எடு. டி2-ல சைக்கிளை மாட்டு, கிளிப் திற, ஷூ மாத்து, ஓடு. அவ்வளவுதான் மிச்சம்.

ப்ரோ ஆட்கள் ஷூவை பெடல்லயே மாட்டி, ரப்பர் பேண்ட் போட்டு நேரா நிறுத்தி, சைக்கிள் ஓடும்போதே காலை நுழைப்பாங்க. பார்க்க கெத்தா இருக்கும். பழகாம ரேஸ் அன்னைக்கு முயற்சி பண்ணாதீங்க, விழுந்தா 7 நிமிஷமே பரவாயில்லைன்னு ஆயிடும்.

வேகம் வேற, அவசரம் வேற

ஹெல்மெட் விஷயத்துல வரிசை மாறவே கூடாது. சைக்கிளைத் தொடுறதுக்கு முன்னாடி கிளிப் போட்டிருக்கணும், ஸ்டாண்ட்ல மாட்டின பிறகுதான் திறக்கணும். 2022 பர்மிங்ஹாம் காமன்வெல்த் போட்டியில நியூசிலாந்தோட ஹேடன் வைல்ட் டி2-ல கிளிப்பைக் கொஞ்சம் முன்னாடியே திறந்துட்டார்னு 10 செகண்ட் பெனால்டி. இங்கிலாந்தோட அலெக்ஸ் யீக்கு தங்கம், வைல்டுக்கு வெள்ளி.

எங்க பக்கத்து ஆளுங்களுக்கு இதைத் தனியா விளக்க வேண்டியதில்லை. தீபாவளி ஆர்டர் நெருக்கும்போது ஒரு படியைத் தாண்டிப் போனா என்ன ஆகும்னு தெரிஞ்சே வளர்ந்தவங்க நாங்க. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. அன்னைக்குக் கிளம்பின புகை இன்னும் என் கண்ணுல நிக்குது. வேலையைச் சுருக்கலாம், பாதுகாப்பைச் சுருக்கக் கூடாது. ஒரு விளையாட்டு ஹெல்மெட் கிளிப்புக்காகப் பதக்கத்தோட நிறத்தையே மாத்துதுன்னா எனக்கு அது சரின்னுதான் படுது.

கிணத்தடி பயிற்சி

டிரான்சிஷனுக்குத் தனியா பயிற்சி வேணும். நான் ஊருக்கு வந்தப்போ மாமா தோட்டத்துக் கிணத்துலதான் செஞ்சேன். சின்ன வயசுல நீச்சல் பழகினதும் அதே கிணறுதான். படியேறி ஓடி, வேப்பமரத்துல சாத்தின சைக்கிளை எடுத்து, வண்டிப்பாதையில ஒரு ரவுண்டு, திரும்ப வந்து ஷூ மாத்தி மோட்டார் ரூம் வரைக்கும் ஓட்டம். பத்து தடவை. அப்பா போன்ல ஸ்டாப்வாட்ச் பிடிச்சார். முதல் தடவை டி1 3 நிமிஷம் 20 செகண்ட். பத்தாவது தடவை 1 நிமிஷம் 15.

இந்த வருஷம் அதே தூரத்துக்கு மறுபடியும் போனேன். டி1 2 நிமிஷம் 40, டி2 1 நிமிஷம் 30. கட்-ஆஃபுக்கு 5 நிமிஷம் மிச்சம் வச்சு சைக்கிளை முடிச்சேன். ஓட்டத்தை முடிச்சப்போ பின்னாடி பதினோரு பேர்தான் இருந்தாங்க. ஆனா முடிச்சேன்.

அப்பாவுக்குப் போன் பண்ணி நேரத்தையெல்லாம் படிச்சுக் காட்டினேன். முழுசா கேட்டுட்டு, "டி2 இன்னும் குறையும்" என்றார்.

உங்க டி1 எவ்வளவு, அதுல எது எந்தக் கூடைன்னு ஒரு பேப்பர்ல எழுதிப் பாருங்க. எழுதினா எனக்கும் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம், மக்களே.