முனிவர் பிறந்த ஊர்



இத்தாலி நாட்டுக்குப் போக விரும்புகிறவர் ஒரு வழிகாட்டி நூலை வாங்கிப் புரட்டினால், உரோமாபுரி, பிளாரன்ஸ், வெனிஸ் ஆகிய மூன்று நகரங்களே அதன் பெரும்பகுதியை அடைத்துக்கொண்டிருக்கக் காண்பார். நான் வாங்கிய நூலும் அத்தகையதே. நான் போக எண்ணியுள்ள ஊரைப் பற்றி அதில் ஒரு வரிகூட இல்லை. வட இத்தாலியில், கார்தா ஏரிக்குத் தெற்கே, மாந்துவா மாவட்டத்தில் உள்ளது அவ்வூர். பெயர் காஸ்தில்யோனே. வீரமாமுனிவர் என்று நாம் போற்றும் பெஸ்கி பாதிரியார் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் அங்கேதான் பிறந்தார்.

ஓய்வு பெற்ற பிறகு இந்த ஆசை ஏன் என்று நீங்கள் கேட்கலாம். நான் ஆசிரியப் பயிற்சி முடித்துப் பணியில் சேர்ந்த புதிதில், ஒன்பதாம் வகுப்பில் முனிவரின் வரலாற்றை நடத்திக்கொண்டிருந்தேன். ஒரு மாணவன் எழுந்து, “ஐயா, அந்த ஊர் எப்படி இருக்கும்? மலையா, கடற்கரையா?” என்று கேட்டான். எனக்குத் தெரியாது. தெரியாது என்று சொல்லியிருக்கலாம். “அது தேர்வில் வராது, உட்கார்” என்றேன். மாணவனின் வினாவிலிருந்தே பாடம் தொடங்க வேண்டும் என்று பயிற்சிக் கல்லூரித் தேர்வில் பக்கம் பக்கமாக எழுதி மதிப்பெண் வாங்கியவன் நான்! அவன் அதற்குப் பிறகு என் வகுப்பில் எதையும் கேட்கவில்லை.

பயணத் திட்டத்தை நானும் கல்லூரியில் படிக்கும் என் பேரனும் சேர்ந்து வகுத்தோம். முதல் இடையூறு பெயரிலேயே இருந்தது. பாடநூல்களில் ‘காஸ்திக்கிளியோன்’ என்றெல்லாம் படித்திருப்பீர்கள். இத்தாலிய எழுத்துக்கூட்டில் அவ்விடத்தில் வரும் ககர எழுத்து தனித்து ஒலிப்பதில்லை. அதையும் சேர்த்து வாசித்ததால் வந்த வடிவம் அது. மேலும், காஸ்தில்யோனே என்று தொடங்கும் ஊர்கள் இத்தாலியில் பல உள்ளன. “தாத்தா, கடலோரத்திலேயே அறை கிடைத்துவிட்டது!” என்று பேரன் மகிழ்ந்து பணம் கட்டப் போனான். நிலப்படத்தை எடுத்துப் பார்த்தால், அது தஸ்கனி நாட்டுப் பக்கத்துக் காஸ்தில்யோனே! நம் ஊரின் முழுப் பெயர் காஸ்தில்யோனே தெல்லே ஸ்திவியேரே. வெளிநாடு செல்லும் இளைஞர்கள் ஊர்ப் பெயரோடு மாவட்டத்தின் பெயரையும் குறித்துக்கொள்வது நல்லது.

அங்கே இரயில் நிலையம் இல்லை. மிலானிலிருந்து வெனிஸ் செல்லும் இருப்புப்பாதையில் தேசென்சானோ என்னும் நிலையத்தில் இறங்கி, பத்துக் கிலோமீட்டர் அளவுக்குப் பேருந்தில் செல்ல வேண்டும். முனிவரின் பிறந்தநாளன்று அங்கே இருக்க வேண்டும் என்பது என் விருப்பம். ஆனால் நவம்பரில் போ ஆற்றுச் சமவெளியில் அடர்ந்த மூடுபனி இறங்கும். ஆடி ஆவணியிலோ புழுக்கம். ஆகவே செப்டம்பர் இறுதி என்று முடிவு செய்தோம்.

முனிவரின் வீட்டைத் தேடி நான் போகவில்லை. அவர் கண்ட நிலத்தைக் காணப் போகிறேன். பழந்தமிழ் ஏடுகளில் எகர ஒகரக் குறில்களுக்குப் புள்ளி இட்டு நெடிலினின்றும் வேறுபடுத்துவது மரபு. ஓலையில் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஓலை கிழியும் என்று அதைப் பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். ‘எரி’யா ‘ஏரி’யா என்று இடம் நோக்கியே உணர வேண்டியிருந்தது. நெடிலுக்குத் தனி வடிவமும் இரட்டைக் கொம்பும் வகுத்து இக்குழப்பத்தைத் தீர்த்தவர் முனிவர். தாய்மொழியாக நமக்குப் பழகிப்போன இடர்ப்பாடு, முப்பது வயதில் வந்து அகரம் தொடங்கிய ஒருவர் கண்ணில் பட்டது. சதுரகராதியையும் தேம்பாவணியையும்விட இதையே நான் பெரிதாக எண்ணுகிறேன். புலவர்கள் மறுக்கலாம்.

அவ்வூருக்கு இன்னொரு வரலாறும் உண்டு. சில கிலோமீட்டர் தொலைவில் உள்ள சோல்பெரினோவில், 1859-ஆம் ஆண்டு ஜூன் 24-ஆம் நாள், பிரெஞ்சு, சார்தீனியப் படைகளும் ஆஸ்திரியப் படையும் பொருதன. ஆயிரக்கணக்கான காயமுற்றோர் காஸ்தில்யோனேக்குக் கொண்டுவரப்பட்டனர். கோவில்களும் தெருக்களும் நிரம்பின. எவர் எந்த நாட்டுப் படையினர் என்று பாராமல் அவ்வூர்ப் பெண்கள் நீர் வார்த்தனர், கட்டுக் கட்டினர். அவர்களோடு நின்று பணிபுரிந்த சுவிட்சர்லாந்து நாட்டு வணிகர் ஆன்றி துனான் 1862-இல் அதை நூலாக எழுதினார். மறு ஆண்டே செஞ்சிலுவை இயக்கம் ஜெனிவாவில் பிறந்தது. செஞ்சிலுவைக் காட்சிசாலை ஒன்று அவ்வூரில் உள்ளது. அதற்கு ஒரு முழு நாள் ஒதுக்கியிருக்கிறேன். மாந்துவா நகரத்து அரண்மனைக்கு அரை நாள் போதும் என்கிறேன். மந்தேஞாவின் சுவரோவியங்களைப் பார்க்க அது போதாது என்கிறான் பேரன். வழக்கு இன்னும் தீரவில்லை.

என் மாணவனின் வினாவுக்கு விடை இப்போது தெரியும். மலையும் அன்று, கடற்கரையும் அன்று. பண்டைப் பனியாறுகள் கொண்டுவந்து குவித்த கல்லும் மண்ணும் ஆன தாழ்ந்த குன்றுகள். அவருக்கே இன்று ஐம்பது வயது கடந்திருக்கும். பழைய மாணவர் ஒருவர் முகவரி தேடித் தந்திருக்கிறார். அவ்வூர் அஞ்சலகத்திலிருந்து ஒரு பட அட்டை அனுப்புவதாக இருக்கிறேன்.

விசா வந்துவிட்டது. பேருந்தில் ஏறுமுன் ஓட்டுநரிடம் ஊரின் முழுப் பெயரையும் சொல்லிக் கேட்பதற்காக, பேரன் எனக்கு ஓர் இத்தாலிய வாக்கியத்தை மனப்பாடம் செய்விக்கிறான். நேற்று மூன்று முறை ஒப்பித்தேன். இரண்டு முறை தவறினேன். ‘உட்காருங்கள்’ என்று அவன் சொல்லவில்லை; இன்னொரு முறை சொல்லச் சொன்னான்.