டீக்கடை நீதிமன்றமல்ல

(கும்பளங்கியில் நடந்த சங்கக் குடும்பக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நாள் முழுக்க இறால் ஷெட்டில் நின்றுவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நீட்டி முழக்க மாட்டேன்.

நமது குடியிருப்புக்கு ஓர் அம்மா வந்து போகிறார். பள்ளிக்கூடம் போகாமல் ஷெட்டில் இறால் உரிக்கும் பிள்ளைகளின் பெயரை எழுதிக்கொள்கிறார். போன மாதம் இரண்டு பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்தார். பதினைந்தே நாளில் டீக்கடையில் பேச்சு கிளம்பிவிட்டது: "அவளுக்கு வெளிநாட்டுப் பணம் வருது. பிள்ளைங்கள விக்கிறவ." யார் சொன்னது என்று கேட்டேன். "எல்லாரும் சொல்றாங்க" என்றார்கள். இந்த 'எல்லாரும்' என்பவருக்கு முகவரி கிடையாது, தோழர்களே!

இதே மாதிரிப் பேச்சை இன்னொரு நாட்டில் அரசாங்கமே பேசியது. அதைச் சொல்கிறேன்.

பாகிஸ்தானில் லாகூருக்குப் பக்கத்தில் முரிட்கே என்றோர் ஊர். இக்பால் மசீஹ் என்ற சிறுவனை, வீட்டார் வாங்கிய 600 ரூபாய் கடனுக்காக நாலு வயதில் கம்பளத் தறிக்கு அனுப்பினார்கள். உழைக்க உழைக்கக் கடன் குறையவில்லை, கூடியது. செங்கல் சூளையில் அட்வான்ஸ் வாங்கி மாட்டிக்கொண்ட நம் ஜனங்களுக்கு இந்தக் கணக்கை விளக்க வேண்டியதில்லை.

அங்கே சூளைத் தொழிலாளர்களைத் திரட்டிய எஹ்சான் உல்லா கான், 1988இல் கொத்தடிமை விடுதலை முன்னணியை நிறுவினார். அதே ஆண்டில் ஒரு சூளைத் தொழிலாளி அனுப்பிய தந்தியையே மனுவாக ஏற்று, உச்ச நீதிமன்றம் விசாரித்தது. 1992இல் கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது. இந்த முன்னணியின் உதவியால்தான் பத்து வயதளவில் இக்பால் தறியை விட்டு வெளியேறினான். படித்தான், மேடையேறிப் பேசினான். 1994 டிசம்பரில் அமெரிக்காவில் பாஸ்டன் நகரில் பரிசு பெற்றான். 1995 ஏப்ரல் 16, ஈஸ்டர் ஞாயிறு அன்று சுட்டுக் கொல்லப்பட்டான்.

கம்பள முதலாளிகளே காரணம் என்றார் கான். போலீஸ் வேறு காரணம் சொன்னது. அந்த வாதம் இன்னும் தீரவில்லை. ஆனால் அரசு என்ன செய்தது? 1995 ஜூனில் கான் மீதும் பத்திரிகையாளர் ஜஃபர்யாப் அகமது மீதும் தேசத்துரோக வழக்குப் போட்டது. இந்திய உளவுத்துறையோடு சேர்ந்து நாட்டின் ஏற்றுமதியைக் கெடுக்கச் சதி செய்தார்களாம்! அகமது சிறைக்குப் போனார். வெளிநாட்டில் இருந்த கான் ஊர் திரும்ப முடியாமல் ஸ்வீடனில் தங்க நேர்ந்தது.

கொலை பற்றி கான் சொன்னது தவறென்றே வைத்துக்கொள்வோம். தவறான கருத்துக்குப் பதில் சான்றா, தேசத்துரோக வழக்கா? நாலு வயதுப் பிள்ளை தறியில் உட்கார்ந்தது பொய்யா? அந்தக் கேள்வியை யாரும் கேட்கக்கூடாது என்பதற்காகவே கேட்டவரைத் துரோகியாக்கினார்கள்.

எல்லைக்கு அந்தப் பக்கம் இந்தியக் கைக்கூலி என்றால், இந்தப் பக்கம் வெளிநாட்டுக் கைக்கூலி! நம் நாட்டில் கம்பளத் தறியிலிருந்து பிள்ளைகளை மீட்ட கைலாஷ் சத்யார்த்தியும் இந்தப் பேச்சைக் கேட்டவர்தான். 2014இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது.

வதந்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதும் நமக்குத் தெரியும். 2018 மே மாதம் திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம், குலதெய்வம் கும்பிடப் போன ஒரு மூதாட்டியைப் பிள்ளை பிடிக்கிறவர் என்று அடித்தே கொன்றார்கள். பிள்ளைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது.

அப்படியானால் பிள்ளைகளுக்காக உழைப்பவர் எவரையும் சந்தேகிக்கவே கூடாதா? அப்படிச் சொல்லவில்லை. சேவை என்ற பெயரில் பிள்ளைகளைக் கெடுத்தவர்களும் உண்டு. உங்கள் பிள்ளை ஒரு வார்த்தை சொன்னால் முதலில் அதை நம்பிக் கேளுங்கள். 1098க்குப் பேசுங்கள், போலீசில் எழுதிக் கொடுங்கள், சங்கம் கூட வரும். 2012 போக்சோ சட்டத்தில், வஞ்சம் வைத்துப் பொய்ப் புகார் கொடுக்கும் பெரியவருக்குத் தண்டனை உண்டு. புகார் சொன்ன பிள்ளைக்குத் தண்டனை கிடையாது. எனவே பயப்பட வேண்டாம்.

நான் ரயில்வே பார்சல் ஆபீஸ் குமாஸ்தா. ஒரு மூட்டை காணாமல் போனால், வாய்ப்பேச்சை நம்பி எவர் பெயரையும் திருடன் என்று எழுத முடியாது. எங்கே ஏற்றினார்கள், எங்கே இறக்கினார்கள், யார் கையெழுத்து என்று பார்க்க வேண்டும். மூட்டைக்கு உள்ள நியாயம் ஒரு மனுஷிக்கு இல்லையா?

இன்னொன்றும் யோசியுங்கள். இரண்டு பிள்ளைகள் பள்ளிக்குப் போனதில் நஷ்டம் யாருக்கு? அரைக்கூலிக்கு ஆள் வைத்திருந்தவனுக்கு. பேச்சு எங்கிருந்து புறப்பட்டிருக்கும் என்று நான் சொல்ல மாட்டேன். சான்றில்லாமல் சொன்னால் நானும் டீக்கடைதான்!

வரும் ஞாயிறு அந்த அம்மாவை இங்கே அழைத்திருக்கிறோம். பணம் எங்கிருந்து வருகிறது, பிள்ளைகள் எங்கே இருக்கிறார்கள் என்று முகத்துக்கு நேராகக் கேளுங்கள். அந்த இரண்டு பிள்ளைகளின் தாய்மாரும் வந்து பேசட்டும். அதுவரை எவனாவது பேச்செடுத்தால், "பெயரைச் சொல், புகாரைக் காட்டு" என்று கேளுங்கள்.

நாளைக்கு நம் பிள்ளைக்கு ஓர் ஆபத்தென்றால் ஓடிவர ஆள் வேண்டும், தோழர்களே. வருகிறவரை நாமே விரட்டிவிடலாகாது.