நம்மவர் செய்தால் விளையாட்டு

ஹாரி பாட்டர் கதைகளை அறியாதவர் எவரும் இந்நேரத்தில் வானொலியைத் திருப்பிவைத்துக்கொண்டு என் பேச்சைக் கேட்பார் என்று நான் நினைக்கவில்லை. நூலாகப் படிக்காதவர்களும் படமாகவேனும் பார்த்திருப்பார்கள். ஆகையால் ரௌலிங் அம்மையார் 1997 முதல் 2007 வரை வெளியிட்ட அந்த ஏழு நூல்களின் கதையைத் திருப்பிச் சொல்லும் உத்தேசம் எனக்கில்லை. பிள்ளைகளுக்குக் கதை வாசித்துக் காட்டுவதையே ஜீவனமாகக் கொண்டவன் என்ற முறையில், இக்காலத்து வாசகர்களிடையே பரவிவரும் ஒரு மோஸ்தரைக் குறித்து என் மனத்தாங்கலைச் சொல்லிவிட்டு, எனக்கு மிகவும் பிரியமான ஓர் அத்தியாயத்தைப் பற்றிக் கொஞ்சம் தாராளமாகவே பேச விரும்புகிறேன்.

மோஸ்தர் இதுதான்: கதாநாயகனின் குற்றங்களுக்குப் பட்டியல் போடுவது. ஹாரி முன்கோபி, பொய் சொல்கிறான், பள்ளியின் விதிகளை மீறுகிறான், தலைமையாசிரியர் டம்பிள்டோர் பட்சபாதி, ஆகவே இவர்கள் நாயகர்களே அல்லர் என்று தீர்ப்பெழுதி முத்திரை குத்திவிடுகிறார்கள். குற்றமே இல்லாத நாயகனை வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் கதை சொல்லிப் பார்த்தவர்கள் இப்படிப் பேசமாட்டார்கள். பிள்ளைகள் பத்தே நிமிஷத்தில் ஜன்னலுக்கு வெளியே காக்கை பார்க்கத் தொடங்கிவிடுவார்கள். நாயகன் தவறு செய்யலாம், தாராளமாகச் செய்யட்டும். நான் கேட்பது வேறு. அந்தத் தவறினால் நொந்துபோனவனுக்கு ஆசிரியர் பேச வாய் கொடுத்தாரா? மறுபடியும் சொல்கிறேன், நேயர்களே: நொந்தவனுக்கு வாய் இருந்ததா? மறைந்து நின்று அம்பு தொடுத்த இராமனை, மார்பில் தைத்த அம்போடு கிடக்கும் வாலி கேள்விமேல் கேள்வியாகக் கேட்கும்படி கம்பன் இடங்கொடுத்தானே, அந்தத் துணிவு இந்த அம்மையாருக்குச் சில இடங்களில் பூரணமாக இருக்கிறது. சில இடங்களில் அறவே இல்லை.

இல்லாத இடத்துக்கு உதாரணம் முதல் நூலின் கடைசி விருந்து. பள்ளியின் விடுதிகளுக்கிடையேயான போட்டியில் ஸ்லிதரின் 472 புள்ளிகளுடன் முதலிடத்தில் இருக்கிறது; மண்டபம் முழுவதும் அவர்களுடைய பச்சைத் தோரணம். 312 புள்ளியோடு கடைசியில் கிடந்த ஹாரியின் கிரிஃபிண்டருக்குத் தலைமையாசிரியர் எழுந்து நின்று, அவனுடைய நண்பர்களான ரானுக்கு 50, ஹெர்மயனிக்கு 50, ஹாரிக்கு 60, நெவிலுக்கு 10 என்று அள்ளிக் கொடுத்து, 482 ஆக்கித் தோரணத்தின் நிறத்தையும் மாற்றிவிடுகிறார். ஸ்லிதரின் மேசையிலும் பதினோரு வயதுப் பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள். அவர்களில் ஒருவருக்கும் அங்கே வாய் இல்லை.

இனி எனக்குப் பிரியமான அத்தியாயம். 2003-இல் வெளிவந்த ஐந்தாம் நூலின் 28-ஆம் அத்தியாயம் அது. பேராசிரியர் ஸ்னேப்பின் அறையில், அவர் வெளியே சென்றிருக்கும் சமயத்தில், நினைவுகளை ஊற்றிவைக்கும் கற்கிண்ணத்துக்குள் ஹாரி தலையை நுழைக்கிறான். பிறர் நினைவை அனுமதியின்றிப் பார்ப்பது களவுதான். தகப்பனின் குற்றத்தை மகன் அறிவதே தன் குற்றத்தின் வாயிலாகத்தான் என்று அமைத்த அந்தச் சாமர்த்தியத்தை முதலில் கவனியுங்கள். கிண்ணத்துக்குள் அவன் காண்பது ஓர் ஏரிக்கரை. பரீட்சை முடிந்த பிற்பகல், நல்ல வெயில். அந்தத் தகப்பன், பதினைந்து வயது ஜேம்ஸ், தான் பள்ளியிலிருந்து லவட்டிய தங்கப் பந்தைப் பறக்கவிட்டுப் பிடித்து விளையாடிக்கொண்டிருக்கிறான். நண்பன் சிரியஸுக்குப் பொழுது போகவில்லை. அதற்குமேல் ஒரு காரணமும் கிடையாது, நேயர்களே. அவனுக்குப் பொழுது போகவில்லை, அவ்வளவுதான். புதர் நிழலிலிருந்து எழுந்து தனியே போகிற மாணவன் ஸ்னேப்பை அவர்கள் மறித்துக்கொள்கிறார்கள். கோலைப் பறிக்கிறார்கள், வாய் நிறையச் சோப்பு நுரை பொங்கி மூச்சு முட்டச் செய்கிறார்கள், பின்னர் கணுக்காலில் கட்டித் தூக்கியதுபோல் அந்தரத்தில் தலைகீழாகத் தொங்கவிடுகிறார்கள். சுற்றி நிற்கும் கூட்டம் சிரிக்கிறது. அவன் உங்களுக்கு என்ன செய்தான் என்று, பின்னாளில் ஹாரியின் தாயான லில்லி கேட்கும்போது, அவன் உயிரோடு இருப்பதே குற்றம் என்கிற பாவனையில் ஜேம்ஸ் பதில் சொல்கிறான்.

இந்தக் காட்சியில் பெரும்பாலோர் ஜேம்ஸைப் பார்ப்பார்கள், அல்லது ஸ்னேப்பைப் பார்ப்பார்கள். நான் ஒவ்வொரு முறையும் ஜேம்ஸின் நண்பன் லூபினைத்தான் பார்க்கிறேன். அவன் மாணவர் தலைவன். தடுக்க வேண்டிய பொறுப்புடையவன். மரத்தடியில் புத்தகத்தை விரித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான், தலை நிமிரவில்லை. ஆனால் அவன் கண்கள் எழுத்தின்மீது நகராமல் நிலைகுத்தி நிற்கின்றன என்றும், புருவங்களுக்கிடையே லேசாக ஒரு சுளிப்பு விழுந்திருக்கிறது என்றும் ஆசிரியர் ஒரே வரியில் சொல்லிப் போகிறார். படிப்பதுபோல் பாவனை செய்கிற நல்ல பையன்! அக்கிரமத்தைக் கண்டு மனம் நோகிறவன், நட்பை இழக்க அஞ்சி வாய் திறவாதவன். நூறு பக்கம் உபதேசம் எழுதினாலும் கிட்டாத வெளிச்சம், நகராத இரண்டு கண்களில் கிட்டிவிடுகிறது. இதை நான் கலை என்கிறேன். மறுபடியும் சொல்கிறேன், நகராத அந்தக் கண்கள்தாம் கலை.

அத்தோடு நிற்கவில்லை அம்மையார். தகப்பனை நினைத்துக் கூசிப்போன ஹாரி, மந்திரிசபை பள்ளிக்கு அனுப்பிய கொடிய ஆசிரியை உம்பிரிட்ஜின் அறைக்குள் துணிந்து புகுந்து, கணப்பு நெருப்பின் வழியாகச் சிரியஸையும் லூபினையும் கண்டு நியாயம் கேட்கிறான். அப்போது உன் தந்தைக்குப் பதினைந்து வயதுதானே என்று லூபின் சமாதானம் சொல்ல, எனக்கும் இப்போது பதினைந்துதான் என்று பையன் சீறுகிறான். சிரியஸும் சமாதானம் சொல்லிப் பார்க்கிறார். ஸ்னேப்பின் வாயை அன்றைக்கு நுரையால் அடைத்தார்கள். இருபது ஆண்டுகள் கழித்து, அவரை அடித்தவனின் மகனே அவருக்காக வழக்காட வந்துவிட்டான்.

இவ்வளவு உயரத்துக்குச் சென்ற எழுத்து அடுத்த நூலில், 2005-இல், என்ன ஆயிற்று? பழைய பாடப்புத்தகம் ஒன்றின் ஓரங்களில் யாரோ கிறுக்கிவைத்த மந்திரங்களை ஹாரி கற்றுக்கொள்கிறான். அவற்றிலொன்று நாக்கை மேலண்ணத்தோடு ஒட்டவைப்பது. அதைப் பள்ளியின் காவல்காரர் ஃபில்ச்மீது இரண்டு தடவை பிரயோகித்ததாகவும், பார்த்தவர்கள் கைதட்டியதாகவும் அடைப்புக்குறிக்குள் ஒரு செய்தி போகிற போக்கில் வருகிறது. ஃபில்ச் யார்? மந்திரக் குடும்பத்தில் பிறந்தும் மந்திரம் கைவராமல், மந்திரப் பிள்ளைகள் அசுத்தம் செய்த தரையைத் துடைத்துக்கொண்டிருக்கும் கிழவர். எதிர்த்துக் கோல் நீட்டவும் வகையற்றவர். அங்கேயும் வாயை அடைத்தார்கள், இங்கேயும் வாயை அடைத்தார்கள். அங்கேயும் கூட்டம் சிரித்தது, இங்கேயும் கூட்டம் கைதட்டியது. முன்னதற்கு ஓர் அத்தியாயம். பின்னதற்கு ஓர் அடைப்புக்குறி. அந்தக் கிறுக்கல்கள் ஸ்னேப்புடையவை என்பது பின்னால் தெரியவருகையில், தகப்பனின் விளையாட்டை மகன் ஆடியிருப்பதை ஆசிரியர் அறியாமலா எழுதினார் என்று எனக்கு ஐயம் வருவதுண்டு; ஆனால் பரிசீலித்தால், ஃபில்ச்சின் பக்கம் நின்று ஒரு சொல்லும் இல்லை.

ஹெர்மயனியிடம் எனக்கு இதைவிடப் பெரிய குறை உண்டு. அவளுடைய அபிமானிகள் பொறுத்தருள வேண்டும். ஐந்தாம் நூலில் உம்பிரிட்ஜ் தண்டனை என்ற பெயரில் ஹாரியை ஒரு பேனாவால் எழுதச் சொல்கிறாள். அவன் காகிதத்தில் எழுத எழுத, அதே வாசகம் அவனுடைய புறங்கையில் கீறி இரத்தம் கசிகிறது. படிக்கிறவர்கள் பதறுகிறோம், பதற வேண்டியதுதான். அதே நூலில், மாணவர்களின் இரகசியச் சங்கத்தில் கையெழுத்திட்ட தாளில் ஹெர்மயனி முன்கூட்டியே ஒரு மந்திரத்தை வைத்து, அதை எவருக்கும் சொல்லாமல் மறைத்துவிடுகிறாள். சங்கத்தை உம்பிரிட்ஜிடம் காட்டிக்கொடுத்த மரியெட்டாவின் மூக்கிலும் கன்னங்களிலும் கோள்சொல்லி என்ற வசை கொப்புளங்களாக எழுந்து நிற்கிறது. ஒரு நூல், இரண்டு குழந்தைகள், இரண்டு பேர் தோலிலும் எழுத்து. ஒன்றைக் கொடுமை என்கிறோம், மற்றொன்றைக் கெட்டிக்காரத்தனம் என்கிறோம். நான் இதை வாசித்துக் காட்டிய நாளில் பையன்கள் எல்லாரும் ஆரவாரம் செய்தார்கள். முன்வரிசையில் இருந்த ஒரு சிறுமி மட்டும், “அந்த அக்காவுக்கு முகம் அப்புறம் சரியாயிடுச்சா சார்?” என்று கேட்டாள். அடுத்த நூலிலும் அப்பிய பூச்சை மீறிக் கொப்புளங்கள் தெரிந்தன என்றேன். “அவங்க அம்மா மந்திரிசபை ஆபீஸ்ல வேலை பாக்குறாங்கன்னுதானே அவ பயந்தா?” என்றாள். உண்மைதான், தோழி சோ அதை ஹாரியிடம் சொல்லி மன்றாடுகிறாள், அவன் காது கொடுக்கவில்லை. மரியெட்டா தன் வாயால் தன் கட்சியைச் சொல்ல ஒரு பக்கம்கூட அவளுக்குக் கிடைக்கவில்லை.

ஆனாலும் இதே ஆசிரியர் சில கணக்குகளை, தாமே அறிவிக்காமல், வட்டியோடு தீர்க்கிறார். ரானின் அண்ணன்மாரான வீஸ்லி வீட்டு இரட்டையர் தங்களிடம் வம்புக்கு வந்த மாண்டேக் என்ற மாணவனை ஓர் உடைந்த மாய அலமாரிக்குள் தலைகுப்புறத் தள்ளிவிடுகிறார்கள். அவன் பல நாள் சித்தம் கலங்கிக் கிடக்கிறான்; நடந்ததை மருத்துவ அம்மாளிடம் சொல்லலாமா என்ற யோசனைகூட எழுந்து, தேறிவிடுவான் என்ற அலட்சியத்தில் அமுங்கிப்போகிறது. அந்த மாண்டேக் சொன்ன கதையிலிருந்துதான், அலமாரிக்கு ஒரு கடையில் ஜோடி உண்டென்று ஸ்லிதரின் மாணவன் டிராகோ அறிகிறான். அதைச் செப்பனிட்டு, அதன் வழியாகப் பகைவர்களைப் பள்ளிக்குள் கொண்டுவருகிறான். அன்றிரவு டம்பிள்டோர் மாள்கிறார். இரட்டையரின் சொந்த அண்ணன் பில்லின் முகம் ஓநாய்மனிதனால் கிழிபடுகிறது. இதைக் கோபுரத்தின் மேல் டிராகோவே விவரிக்க, ஹாரி கேட்டுக்கொண்டுதான் நிற்கிறான். இரட்டையரிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்பதில்லை. கேட்காவிட்டாலும் காரணகாரியச் சங்கிலி கண்ணிக்குக் கண்ணி இருக்கிறது, தேடுகிறவர்கள் கண்டெடுக்கலாம்.

ஏழாம் நூலில் அந்தக் கணக்கும் இல்லை. மனிதர்மேல் ஏவினாலே ஆயுள்சிறை என்று நான்காம் நூலில் வகுப்பறையில் பயமுறுத்திய வதை மந்திரத்தை, பேராசிரியை மெக்கோனகல்மீது துப்பிய காரோ என்பவன்மேல் ஹாரி ஏவுகிறான். கண்டிப்புக்குப் பேர்போன அந்த அம்மையார் அவனுடைய வீரத்தை மெச்சுகிறார். துப்பினவன் அயோக்கியன்தான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆயினும் உம்பிரிட்ஜ் அதே மந்திரத்தை எடுக்கத் துணிந்தபோது நம்மை நடுங்கவைத்த ஆசிரியர், இங்கே நம்மைக் கைதட்டச் சொல்கிறார்.

அதே நூலில் பெரும்போர் முடிகிறது. ஹாரி களைத்துப்போய்த் தன் படுக்கையை நினைக்கிறான். கிரீச்சர் அங்கே ஒரு சாண்ட்விச் கொண்டுவந்து கொடுப்பானா என்றும் நினைக்கிறான். கிரீச்சர் அவனுடைய அடிமை. சிரியஸின் ஏச்சுகளைத் தின்றவன். சற்று முன்புதான் சமையலறைக் குட்டிச்சேவகர்களைத் திரட்டிக்கொண்டு வந்து போரிட்டவன். அவனும் களைத்திருப்பானே என்ற எண்ணம் நாயகனுக்கு வரவில்லை, ஆசிரியருக்கும் வந்ததாகத் தெரியவில்லை. அந்த வாக்கியத்தை வாசிக்கும்போது நான் தாண்டிப் போவதில்லை; புத்தகத்தை மடியில் கவிழ்த்துவிட்டுப் பிள்ளைகளைப் பேச விடுகிறேன். சென்ற முறை, கிரீச்சருக்கு மாதச் சம்பளம் எவ்வளவு கொடுக்கலாம், ஞாயிற்றுக்கிழமை விடுமுறை உண்டா என்று சண்டை பிடித்துக்கொண்டு, மேற்கொண்டு ஒரு வரியும் வாசிக்க விடாமல் செய்துவிட்டார்கள்.