நிற்கும் மூச்சும் அதை நிறுத்தும் சுற்றும்



தொண்டை அடைத்து மூச்சு நிற்கும் நோயை, குறட்டையோடு வருவதை, இன்று ஊரறியும். நாம் பேசக் கூடியிருப்பது மைய உறக்க மூச்சுநிறுத்தம் பற்றி. உறக்க ஆய்வகப் பதிவைப் பாருங்கள்: மூக்கருகே காற்றோட்டம் இல்லை; நெஞ்சுப்பட்டை, வயிற்றுப்பட்டை இரண்டும் அசையவில்லை. மூச்சுவிடும் முயற்சியே இல்லை. முகுளத்திலிருந்து ஆணை வரவில்லை. அது 10 நொடி நீடித்தால் ஒரு நிகழ்வு என்று குறித்துக்கொள்கிறோம்.

ஆணை ஏன் வரவில்லை? மூளை சோர்ந்துவிட்டது என்றே முதலில் தோன்றும். அபின் வகை மருந்து உண்பவர்களிடம் அதில் உண்மை உண்டு. இதயச் செயலிழப்பு உள்ளவர்களிடமோ பெரும்பாலும் நேர்மாறு. அங்கே மூச்சுக் கட்டுப்பாடு தேவைக்கு மேல் துடிப்பாக இருக்கிறது. உறங்கியபின் மூச்சை நடத்துவது பெரும்பாலும் கரியமிலவாயுதான். தமனி ரத்தத்தில் அதன் அழுத்தம் 40 மி.மீ. பாதரசத்தை ஒட்டி இருக்கும்; உறக்கத்தில் சற்றே ஏறும். அந்த உறக்க அளவிலிருந்து நாலைந்து மி.மீ. இறங்கினாலே மூச்சு நின்றுவிடும். நுரையீரலில் நீர் கோத்தவர் ஏற்கெனவே மிகையாக மூச்சு வாங்குவதால், அந்த விளிம்பிலேயே படுத்திருக்கிறார். இப்படி நீர் கோக்கும்போது தூண்டப்பட்டு மூச்சை விரைவாக்கும் ஜே ஏற்பிகளைக் கண்டு சொன்னவர் டெல்லியில் பணியாற்றிய அவ்தார் சிங் பெயின்டல் என்பதை இளையவர்கள் அறிந்திருக்க வேண்டும்.

கடைமடையில் தண்ணீர் இல்லை என்ற சேதி தாமதமாக வந்து, மதகுக்காரர் பதறி முழுவதும் திறந்துவிட்டால் என்ன ஆகும்? வயல் மூழ்கிய சேதியும் தாமதமாகவே வரும்; உடனே முழுவதும் அடைப்பார். நுரையீரலுக்கும் கழுத்துத் தமனியிலுள்ள உணரிகளுக்கும் இடையே, இதயம் தளர்ந்து ரத்தம் மெதுவாக ஓடும் உடலில் நடப்பது இதுதான். 1956இல் உடலியலாளர் கைட்டனும் தோழர்களும் நாய்களில் மூளைக்குச் செல்லும் ரத்தத்தை நீண்ட குழாய்கள் வழியே செலுத்தித் தாமதத்தை உண்டாக்கினார்கள். சிலவற்றில், ஏறி இறங்கி நின்று மீண்டும் ஏறும் செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சு தோன்றியது. ஆனால் அதற்கு, நோயாளிகளிடம் நாம் காண்பதைவிட மிக நீண்ட தாமதம் தேவைப்பட்டது. ஆகவே தாமதம் மட்டும் போதாது. பதறும் மதகுக்காரரும் வேண்டும். இரண்டையும் சேர்த்து அளப்பதே லூப் கெயின் என்னும் சுற்றுப் பெருக்கம். அது ஒன்றைத் தாண்டினால் சிறு சலனமும் அடங்காது, அலையாகிவிடும்.

இந்த மூச்சைப் பற்றி 1818இல் டப்ளினில் ஜான் செய்ன் எழுதிய குறிப்பிலேயே முக்கியமான அளவு இருக்கிறது: மூச்சு கால் நிமிடம் நின்றது, ஏறி இறங்கும் ஒரு சுழற்சி முடிய ஏறக்குறைய ஒரு நிமிடம் ஆனது. கருவி எதுவும் இன்றி, கட்டிலருகே அமர்ந்து எடுத்த அளவு அது. இன்று நம் அறிக்கைகளில் மணிக்கு எத்தனை நிகழ்வு என்பது மட்டுமே பெரிதாக நிற்கிறது. எனக்கு இது கவலை தருகிறது.

அந்தக் கவலைக்குக் காரணம் 2015இல் வெளிவந்த செர்வ்-எச்எஃப் ஆய்வு. எஜெக்‌ஷன் ஃபிராக்‌ஷன் 45 விழுக்காடோ அதற்குக் குறைவோ உள்ள 1,325 பேர் அதில் இருந்தார்கள். மூச்சுக்கு மூச்சு காற்றழுத்தத்தைத் தானே மாற்றும் கருவி, நிகழ்வுகளை மணிக்கு ஏழுக்கும் கீழே கொண்டுவந்தது. எண் அழகாக இறங்கியது. ஆனால் இதய, ரத்தநாள நோயால் இறக்கும் ஆபத்து அந்தக் கருவி பெற்றவர்களிடம் 34 விழுக்காடு கூடியிருந்தது. செய்ன்-ஸ்டோக்ஸ் மூச்சுமுறையே தளர்ந்த இதயத்துக்கு உடல் செய்யும் ஈடு என்று சிலர் வாதிடுகிறார்கள். நான் அவ்வளவு தூரம் போகத் தயாரில்லை. ஆனால் சுற்றை அப்படியே விட்டுவிட்டு எண்ணை மட்டும் இறக்குவது சிகிச்சை ஆகாது என்பதில் எனக்கு ஐயமில்லை.

அந்தச் சுற்றைக் காட்டும் சுழற்சி நீளத்தைப் பதிவிலேயே அளக்கலாம், கூடுதல் செலவில்லை. ஒரு நிறுத்தத்தின் தொடக்கத்திலிருந்து அடுத்த நிறுத்தத்தின் தொடக்கம் வரை நொடிகளை எண்ணினால் போதும். லடாக் போன்ற உயரங்களில் உறங்குபவரிடம் அது 20, 30 நொடி. இதயம் தளர்ந்தவரிடம் ஏறத்தாழ ஒரு நிமிடம். விரல்நுனியில் ஆக்சிஜன் இறங்கும் நேரம் மூச்சு நின்றதற்கு எவ்வளவு பிந்துகிறது என்பதும் ரத்த ஓட்டத்தின் வேகத்தைச் சொல்லிவிடும். இதயநோய் மருத்துவரை அழைக்க வேண்டிய இடம் அங்கேயே தெரிகிறது.

முதல் அமர்வில் ஆக்சிஜன் பற்றியும் அசெட்டசோலமைடு பற்றியும் கட்டுரைகள் வருகின்றன. படிக்க இருப்பவர்கள் தங்கள் நோயாளிகளின் நிகழ்வு எண்ணோடு சுழற்சி நீளத்தையும் சிகிச்சைக்கு முன், பின் என்று சொல்ல வேண்டுகிறேன். அவர்களை மேடைக்கு அழைக்கிறேன்.