சில்லறை வேண்டாம், உங்கள் திறமையைத் தாருங்கள்!

(இளைஞர்கள், வணிகர்கள் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

பார்வையற்ற நபித்தோழர் அப்துல்லாஹ் இப்னு உம்மி மக்தூம் (ரலி) அவர்களின் பொருட்டு 80-வது அத்தியாயமான 'அபஸ'வின் தொடக்க வசனங்கள் அருளப்பட்டன. குறைஷித் தலைவர்களுக்காகக்கூட அவரைப் புறக்கணிக்கலாகாது என்று இறைவன் உணர்த்தினான். அவரே மதீனாவில் பாங்கு சொன்னார். நபி (ஸல்) அவர்கள் வெளியே சென்ற வேளைகளில் மதீனாவின் பொறுப்பையும் ஏற்றார். அவருக்குக் கிடைத்தது இரக்கமல்ல, பொறுப்பு!

இன்று நாம் என்ன செய்கிறோம்? ஜும்ஆ நாளில் பள்ளிவாசலுக்கு வெளியே அமர்ந்திருப்பவரின் கையில் சில்லறை போடுகிறோம். அவர் உள்ளே வந்து தொழ ஒரு சாய்தளம் கட்டினோமா?

2011 கணக்கெடுப்பின்படி தமிழகத்தில் மாற்றுத் திறனாளிகள் ஏறத்தாழ 11 லட்சத்து 80 ஆயிரம் பேர். 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திற்குப் பதிலாக 2016-ல் வந்த சட்டம் 21 வகைக் குறைபாடுகளை ஏற்கிறது. 40 சதவீதத்திற்குக் குறையாத குறைபாடு உள்ளவர்களுக்கு அரசு வேலையில் 4 சதவீதம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் உயர்கல்வி நிறுவனங்களில் 5 சதவீதம் ஒதுக்கீடு தருகிறது. பொதுக் கட்டடம் என்பதில் கடைகளையும் வழிபாட்டுத் தலங்களையும் சேர்த்தே சொல்கிறது.

சட்டம் இருக்கிறது. கேட்டுப் பெறத்தான் ஆளில்லை! அதற்கு ஊருக்கு ஒரு சிறிய சங்கம் போதும். பெரிய நிதி வேண்டியதில்லை, தொழில் தெரிந்த சிலர் வேண்டும்.

"உதவி செய்யுங்கள்" என்று பொதுவாகக் கேட்டால் "இன்ஷா அல்லாஹ்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுவார்கள். வேலையைக் குறிப்பிட்டுக் கேளுங்கள். வக்கீலிடம் மாதம் இரண்டு மனு கேளுங்கள். மாவட்ட அலுவலகம் அசையாவிட்டால் மாநில ஆணையருக்குப் புகார் எழுதச் சொல்லுங்கள். கணினி தெரிந்த இளைஞரிடம் தனித்துவ அடையாள அட்டைக்கு விண்ணப்பிக்கும் பொறுப்பைக் கொடுங்கள். பொறியாளரிடம் சாய்தளத்தின் அளவைக் கேளுங்கள்: ஓரடி உயரத்திற்குப் பன்னிரண்டு அடி நீளம் வேண்டும். செங்குத்தாகக் கட்டிய தளம் சக்கர நாற்காலிக்கு உதவாது, ஆபத்துதான்.

வணிகர்களே! சங்கத்தின் வரவு செலவை நீங்கள் எழுதிக் கொடுங்கள். மாதந்தோறும் கணக்கை அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். கணக்கு சுத்தமாக இருந்தால்தான் சங்கம் நிலைக்கும். உங்கள் கடையில் அமர்ந்து செய்யும் வேலை ஒன்றிருந்தால், அதை அவர்களில் ஒருவருக்குக் கொடுங்கள்.

எந்த மனு, எந்தத் தேதி, யார் பொறுப்பு என்று ஒரு பதிவேடு கட்டாயம் வேண்டும். பொறுப்பெடுத்த தம்பி நாளை வளைகுடாவுக்கு விமானம் ஏறிவிடுவார். பதிவேடு இருந்தால் அடுத்தவர் வேலையைத் தொடரலாம்.

முக்கியமான ஒன்று: முடிவெடுப்பவர்கள் மாற்றுத் திறனாளிகளாகவே இருக்க வேண்டும். நாம் அவர்களுக்குத் துணை நிற்பவர்கள், எஜமானர்கள் அல்ல. வீட்டுக்குள் முடங்கியிருக்கும் நம் சகோதரிகளின் குரலும் அங்கே ஒலிக்க வேண்டும். மதம் பார்க்காமல் எல்லோருக்கும் மனு எழுதுங்கள்.

பள்ளிவாசல் படியிலிருந்தே இந்தப் பணியைத் தொடங்குவோம். அல்லாஹ் நம் முயற்சியை ஏற்றுக்கொள்வானாக! ஆமீன்.